எத்தனை மணிக்கு அலறியது? பிள்ளைகளின் இரவுத் திகிலும் உறக்கக் கோளாறுகளும்

இரவு ஒன்பதரை மணிக்குத் தூங்கிய ஐந்து வயதுப் பிள்ளை, பதினொரு மணி சுமாருக்குத் திடீரென்று எழுந்து உட்கார்ந்து வீறிட்டு அலறுகிறது. கண்கள் அகலத் திறந்திருக்கின்றன. ஆனால் எதிரில் நிற்கும் தாயை அவை பார்ப்பதாகத் தெரியவில்லை. நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை வழிகிறது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, மூச்சு இரைக்கிறது. தூக்கி அணைக்கப் போனால் திமிறித் தள்ளுகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் முகத்தில் தண்ணீர் தெளித்தாலும் பயனில்லை. ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ கழித்து, யாரும் எதுவும் செய்யாமலேயே, சாய்ந்து படுத்துத் தூங்கிவிடுகிறது. காலையில் கேட்டால் ஒன்றும் நினைவில்லை. வழக்கம்போல் பள்ளிக்கூட வேனுக்குக் கிளம்புகிறது. விடிய விடியக் கண் மூடாமல் கிடந்தவர்கள் பெற்றோர்தான். இதன் பெயர்தான் இரவுத் திகில்.

மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இப்படி ஒரு இரவுக்குப் பிறகு வீட்டில் எழும் முதல் கேள்வி, பிள்ளை எதைப் பார்த்துப் பயந்தது என்பதுதான். “எதையோ பார்த்துப் பயந்துருக்குடி, பாண்டி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு கயிறு கட்டிட்டு வந்துரு” என்று அப்பத்தா சொல்லிவிடுவார். குழந்தை மருத்துவரோ வேறு மூன்று கேள்விகளைக் கேட்பார்: தூங்கி எவ்வளவு நேரத்தில் வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, காலையில் நினைவிருந்ததா? பிள்ளைகளின் இரவுநேரக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை இந்த மூன்று விடைகளைக் கொண்டே ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவிடலாம் என்பதால், கடிகாரத்தைப் பார்த்து வைத்த பெற்றோர் தரும் தகவல் பல சமயங்களில் ஸ்கேனைவிடப் பயனுள்ளது.

உறக்கம் இரவு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. படுத்த சிறிது நேரத்திலேயே மூளை மெதுவான, பெரிய அலைகளைக் கொண்ட ஆழ்ந்த உறக்கத்திற்குள் இறங்குகிறது. இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில்தான் இந்த ஆழ்ந்த உறக்கம் மிகுதியாக இருக்கும். கண் விழிகள் வேகமாக அசையும் கனவு உறக்கம் விடியலை நெருங்க நெருங்க நீண்டுகொண்டே போகும். இந்தக் கனவு உறக்கம் கண்டறியப்பட்டதே 1953ஆம் ஆண்டில்தான். ஆழ்ந்த உறக்கமும் கனவு உறக்கமும் மாறி மாறி வரும் இந்த ஓட்டத்தில் ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கும் இடைவெளியில் மூளை லேசாக மேலெழுந்து, புரண்டு படுத்து, மறுபடியும் உள்ளே போகும். பெரியவர்களுக்கு இது தடங்கலின்றி நடந்துவிடுகிறது. சிறு பிள்ளைகளின் ஆழ்ந்த உறக்கமோ மிக அடர்த்தியானது. டிவி முன்னால் தூங்கிப்போன பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாயில் கிடத்தினாலும் அதற்குத் தெரியாது. அந்த ஆழத்திலிருந்து மேலெழும்போது சில பிள்ளைகளின் மூளை பாதியில் சிக்கிக்கொள்கிறது. உடலை அசைக்கும் பகுதிகளும் அச்சத்தை எழுப்பும் பகுதிகளும் விழித்துவிட, ஆராய்ந்து அறியும் பகுதிகளும் நினைவைப் பதிக்கும் பகுதிகளும் உறக்கத்திலேயே கிடக்கின்றன. அலறுவது பிள்ளையின் உடல். அந்த அலறலைக் கேட்க உள்ளே இன்னும் யாரும் எழுந்திருக்கவில்லை.

இரவுத் திகில், தூக்கத்தில் நடத்தல், தூக்கத்தில் எழுந்து உளறிக் குழம்புதல் ஆகிய மூன்றும் கனவின் விளைவுகள் அல்ல, விழிப்பதில் ஏற்படும் கோளாறுகளே என்று உறக்க ஆய்வாளர் ரோஜர் பிராட்டன் 1968ஆம் ஆண்டில் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். இன்றும் மருத்துவம் அந்த வகைப்பாட்டையே பின்பற்றுகிறது. அச்சக் கனவு இதற்கு நேர் எதிரான இயல்புடையது. அது பெரும்பாலும் இரவின் பின்பாதியில், மூன்று நான்கு மணிக்கு வரும். பிள்ளை முழுவதுமாக விழித்துக்கொள்ளும். அம்மாவைத் தேடி வந்து ஒட்டிக்கொண்டு, நாய் துரத்தியது, கிணற்றுக்குள் விழுந்தேன் என்று கதையாகச் சொல்லும். மறுபடி தூங்கப் பயப்படும். அந்தப் பிள்ளைக்கு ஆறுதல் தேவை. இரவுத் திகிலில் இருக்கும் பிள்ளைக்கு ஆறுதல் சொல்ல முயன்றால் அலறல் கூடவே செய்யும்.

இது எவ்வளவு பரவலானது என்பதைக் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1997, 1998ஆம் ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு காட்டுகிறது. அதன் முடிவுகள் 2015ஆம் ஆண்டில் வெளியாயின. ஒன்றரை வயதில் 34.4 சதவீதக் குழந்தைகளுக்கு இரவுத் திகில் இருந்ததாகப் பெற்றோர் தெரிவித்தனர்; ஐந்து வயதில் அது 13.4 சதவீதமாகவும், 13 வயதில் 5.3 சதவீதமாகவும் குறைந்தது. தூக்கத்தில் நடப்பது பத்து வயதில் உச்சத்தைத் தொட்டது. பெற்றோர் இருவருக்கும் தூக்கத்தில் நடக்கும் பழக்கம் இருந்திராத பிள்ளைகளில் 22.5 சதவீதம் பேரும், ஒருவருக்கு இருந்திருந்தால் 47.4 சதவீதம் பேரும், இருவருக்கும் இருந்திருந்தால் 61.5 சதவீதம் பேரும் தூக்கத்தில் நடந்தனர். ஆகவே பிள்ளை எதைப் பார்த்தது என்று விசாரிப்பதைவிட, அதன் அப்பனோ ஆத்தாளோ சிறு வயதில் தூக்கத்தில் எழுந்து நடந்ததுண்டா என்று பாட்டிமாரிடம் விசாரிப்பது கூடுதலான பலனைத் தரும். அந்த விவரம் பெரும்பாலும் அவர்களுக்குத்தான் தெரியும்.

கயிறு கட்டுவதையும் மந்திரிப்பதையும் இங்கே சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மேலமடை பாண்டி முனீஸ்வரர் கோயிலுக்கும் கோரிப்பாளையம் தர்காவுக்கும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் மூடர்கள் அல்லர். அந்தி மயங்கும் நேரத்தில் பள்ளிவாசல் வாசலில், தொழுகை முடித்து வருபவர்கள் ஓதி ஊதட்டும் என்று கைக்குழந்தையோடு காத்திருக்கும் தாய்மாரில் இந்துக்களும் உண்டு. அவர்களுடைய அனுபவத்தில் அது பலித்திருக்கிறது. பலித்ததற்குக் காரணம், இரவுத் திகிலின் போக்கே அப்படிப்பட்டது என்பதுதான். அது ஒரு வாரம் தொடர்ந்து வரும், பிறகு மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காது. நான்கைந்து இரவுகள் தொடர்ந்து அலறிய பின்புதான் வீட்டார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். அதாவது, அந்தச் சுற்று எப்படியும் தணியவிருந்த நேரத்தில் கயிறு கட்டப்படுகிறது. போதாததற்கு, கயிறு கட்டிய இரவில் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகவும் நேரத்தோடும் படுக்கிறார்கள், பிள்ளை உட்பட.

கயிற்றால் கேடில்லை. “உன்னை ஏதோ பிடித்திருக்கிறது” என்று பிள்ளையின் காதுபடப் பேசுவதில் கேடு உண்டு. நடந்தது எதுவும் நினைவில்லாத பிள்ளைக்கு அந்தப் பேச்சுதான் முதல் அச்சத்தைத் தருகிறது. அதைவிடப் பெரிய கேடு, அடுத்து வரும் பகுதிகளில் சொல்லப்படும் குறட்டையையும் வலிப்பையும் யாரும் கவனிக்காமல் போவது. வேப்பிலை அடிப்பது, புகை போடுவது, எழுப்பியே ஆகவேண்டும் என்று கன்னத்தில் அறைவது என்று போனால், அதைத் தடுக்க வேண்டிய கடமை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு இருக்கிறது.

திகிலைத் தூண்டுபவை யாவும் இரண்டு வழிகளில் ஒன்றில் செயல்படுகின்றன. ஒன்று, ஆழ்ந்த உறக்கத்தை வழக்கத்தைவிட ஆழமாக்குவது. மற்றொன்று, அந்த ஆழத்திலிருக்கும் மூளையை நடுவில் தட்டுவது. உறக்கக் குறைவு முதல் வகை. ஒரு நாள் தூக்கம் கெட்டால் மறுநாள் மூளை முதலில் ஈடுகட்டுவது ஆழ்ந்த உறக்கத்தைத்தான். சத்தம், நிரம்பிய சிறுநீர்ப்பை, மின்தடையில் விசிறி நின்று ஏறும் புழுக்கம், மூச்சுத் திணறல் ஆகியவை இரண்டாம் வகை. காய்ச்சலும் திகிலைத் தூண்டும் என்பது நன்கு அறியப்பட்டது.

இரண்டு வகையும் ஒரே நேரத்தில் கூடுவதற்குச் சித்திரைத் திருவிழாவைவிடப் பொருத்தமான சந்தர்ப்பம் இந்த ஊரில் வேறில்லை. மூன்றுமாவடியில் எதிர்சேவை, இரவெல்லாம் தல்லாகுளத்தில் கூட்டம், சித்ரா பௌர்ணமி விடியலில் அழகர் ஆற்றில் இறங்குவது, மறுநாள் இரவு ராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரம் என்று பெரியவர்களோடு பிள்ளைகளும் கண் விழிக்கிறார்கள். அசந்துபோய் வீடு திரும்பித் தூங்கும் பிள்ளை, தெருமுனைக் கொட்டுச் சத்தத்திலோ மைக் செட் அலறலிலோ நள்ளிரவில் வீறிட்டு எழுகிறது. ஆற்றுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்துதான் இப்படி என்று வீட்டார் சொல்வது உண்மையே. நாள் பொருத்தம் சரி, காரணம் மட்டும் வேறு.

மான்ட்ரியால் ஆய்வாளர்கள் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு சோதனை, கிட்டத்தட்ட இந்தத் திருவிழா இரவையே ஆய்வுக்கூடத்திற்குள் கொண்டுவந்தது எனலாம். தூக்கத்தில் நடக்கும் இயல்புடைய பத்துப் பெரியவர்களையும், அந்த இயல்பு இல்லாத பத்துப் பேரையும் 25 மணி நேரம் உறங்கவிடாமல் வைத்திருந்து, பின்னர் ஆழ்ந்த உறக்கத்தில் இருக்கும்போது சத்தம் எழுப்பினார்கள். முதல் குழுவில் பத்துப் பேருக்குமே கோளாறு வெளிப்பட்டது. வழக்கமாக உறங்கிய இரவில் அதே சத்தம் மூன்று பேருக்கு மட்டுமே அதைத் தூண்டியிருந்தது. இரண்டாம் குழுவில் ஒருவருக்கும் எதுவும் நேரவில்லை. இயல்பு, உறக்கக் கடன், தட்டியெழுப்பும் தூண்டுதல் ஆகிய மூன்றும் சேரும்போதுதான் இந்தக் கோளாறு முழு அளவில் தலைகாட்டுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம். திருவிழாவிற்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்று யாரும் சொல்லப்போவதில்லை; சொன்னாலும் மதுரைக்காரர் கேட்கப்போவதில்லை. அன்று பகலில் பிள்ளையை இரண்டு மணி நேரம் தூங்கவைத்துவிட்டால் கடனில் பாதி அடைந்துவிடும்.

தட்டியெழுப்பும் தூண்டுதல்களில் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது குறட்டை. குறட்டை விட்டால் பிள்ளை நன்றாகத் தூங்குகிறது என்று மகிழ்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தொண்டையிலுள்ள டான்சில் சதையும் மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதையும் வீங்கியிருக்கும் பிள்ளை வாயால் மூச்சு விடும், கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுக்கும், குறட்டை திடீரென்று நின்று பிறகு ஒரு விக்கலோடு தொடரும், தலையணை வியர்வையில் நனைந்திருக்கும், ஏழெட்டு வயதிலும் சில இரவுகளில் படுக்கையை நனைக்கும். பகலில் இது சோர்வாக வெளிப்படாமல், ஓரிடத்தில் உட்காராத துறுதுறுப்பாகவும் எரிச்சலாகவும் வெளிப்படுவதால் ஆசிரியரின் புகார் வேறு திசையில் போய்விடும். ஒவ்வொரு மூச்சுத் தடையும் ஆழ்ந்த உறக்கத்திலிருந்து பிள்ளையை அரைகுறையாகப் பிடுங்கி எடுக்கிறது. கிறிஸ்தியான் கியமினோ என்ற உறக்க மருத்துவரின் குழு 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இரவுத் திகிலோடும் தூக்க நடையோடும் வந்த 84 பிள்ளைகளில் 49 பேருக்கு உறக்கத்தில் மூச்சுக் கோளாறு இருந்தது. அதற்காக அறுவை சிகிச்சை பெற்ற 43 பேருக்கும் திகிலும் நடையும் மறைந்துவிட்டன. அவர்கள் சிறப்பு மருத்துவ மையத்திற்கு வந்த கடுமையான நோயாளிகள் என்பதால், எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே விகிதம் பொருந்தாது. ஆனாலும் அடிக்கடி அலறும் பிள்ளைக்குக் குறட்டையும் இருந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்காமல் விடுவதற்கு நியாயமில்லை.

தூக்கத்தில் நடக்கும் பிள்ளைக்கு மதுரையில் தனிப்பட்ட ஓர் அபாயம் உண்டு. பங்குனி முதல் ஆனி வரை பல வீடுகளில் இரவுப் படுக்கை மொட்டை மாடிக்குப் போய்விடுகிறது. கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரமே இருக்கும் பழைய மாடிகளும், சுவரே எழுப்பப்படாமல் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் பாதி கட்டிய மாடிகளும் ஏராளம். குடும்பத்தில் யாருக்கேனும் இந்தப் பழக்கம் இருந்திருந்தால், அந்த வீட்டுப் பிள்ளையை மாடியில் படுக்கவைப்பதில்லை என்று முடிவு செய்துவிடுவது நல்லது. கீழே படுத்தாலும் வெளிக்கதவுத் தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். நடக்கும் பிள்ளையை எழுப்பினால் உயிர் போய்விடும் என்பது வெறும் பேச்சு. எழுப்புவதால் குழப்பமும் திமிறலும் கூடுமே தவிர வேறொன்றும் ஆகாது. தோளைத் தொட்டு மெல்லத் திருப்பிப் படுக்கைக்குக் கூட்டி வந்தால் போதும்.

திகிலின்போதும் பெற்றோர் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம்: சுவரில் மோதாமலும் கட்டிலிலிருந்து விழாமலும் பார்த்துக்கொண்டு, கூடத்து விளக்குகளையெல்லாம் போட்டு வீட்டையே எழுப்பாமல், அருகில் அமர்ந்திருப்பது. இதைச் சொல்வது எளிது. அலறும் பிள்ளையின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எந்தத் தாய்க்கும் எளிதன்று. ஒவ்வோர் இரவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருமானால், அந்த நேரத்திற்குப் பதினைந்து முதல் முப்பது நிமிடங்களுக்கு முன்பே பிள்ளையை லேசாக எழுப்பி, ஓரிரு வாய் தண்ணீர் கொடுத்து, சிறுநீர் கழிக்கச் செய்து மறுபடி படுக்கவைக்கும் முறையை மருத்துவர்கள் பரிந்துரைப்பதுண்டு. இரண்டு முதல் நான்கு வாரங்கள் தொடர்ந்தால் பல பிள்ளைகளுக்குச் சுற்று அறுந்துவிடுகிறது. மருந்து தேவைப்படுவது அரிது. தூங்கட்டும் என்று மெடிக்கல் ஷாப்பில் சளி மருந்து வாங்கிக் கொடுப்பதும், தாத்தாவின் தூக்க மாத்திரையில் கால்வாசியை உடைத்துக் கொடுப்பதும் ஆபத்தானவை. சோல்பிடெம் போன்ற தூக்க மாத்திரைகள் தாமே தூக்க நடையை உண்டாக்கக்கூடியவை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019ஆம் ஆண்டில் மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிட வைத்தது.

வலிப்பு நோயின் ஒரு வகை இரவுத் திகிலைப் போலவே வேடமிட்டு வரும். மூளையின் முன்பகுதியில் தொடங்கும் அந்த வலிப்பில் பிள்ளை கத்தும், காலை உதைக்கும், கையைச் சுழற்றும். ஆனால் சில வினாடிகளிலோ இரண்டு நிமிடத்திற்குள்ளோ முடிந்துவிடும், ஒரே இரவில் பலமுறை வரும், இரவின் எந்த நேரத்திலும் வரும், ஒவ்வொரு முறையும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும். திகிலோ பொதுவாக இரவில் ஒரு முறை, முன்னிரவில், இரவுக்கு இரவு சற்று மாறுபட்டு வரும். விழித்திருக்கும்போது செய்யும் சாதாரண இ.இ.ஜி. என்ற மூளையலைப் பரிசோதனை இந்த வலிப்பைக் காட்டாமல் போகலாம். கைப்பேசியில் எடுத்த இரண்டு மூன்று காணொளிகள் இங்கே பேருதவி செய்யும். தலை முதல் கால் வரை தெரியும்படியும், தொடக்கத்திலிருந்து முடிவு வரையும் எடுத்து, நேரத்தைக் குறித்து, அரசு இராசாசி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலோ நரம்பியல் பிரிவிலோ, தெரிந்த மருத்துவரிடமோ காட்டினால், வாயால் விவரிக்கும் அரை மணி நேரம் மிச்சமாகும்.

படுத்தவுடன் கால் குடைகிறது, அமுக்கிவிடு என்று தினமும் கேட்கும் பிள்ளைக்கு ஓடியாடிய அலுப்பு மட்டுமே காரணமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அசைத்தால் மட்டுமே அடங்கும் இந்தக் குடைச்சல் உடலில் இரும்புச்சத்தின் சேமிப்புக் குறைவதோடு தொடர்புடையது. ஃபெரிட்டின் என்ற இரத்தப் பரிசோதனை அதைக் காட்டிவிடும். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தக் காரணத்தை ஒதுக்க முடியாது.

வயது பன்னிரண்டைத் தாண்டியதும் காட்சி மாறுகிறது. இப்போது கோளாறுகள் இரவின் முன்பாதியிலிருந்து விடியலை நோக்கி நகர்கின்றன. விடியற்காலையில் விழிப்பு வந்தும் கை காலை அசைக்க முடியாமல், நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பதுபோல் உணரும் அமுக்குவான் பேய் பெரும்பாலும் முதன்முதலில் வருவது இந்தப் பருவத்தில்தான். கனவு உறக்கத்தில் கனவுக்கேற்ப உடல் அசைந்துவிடாமல் இருக்கத் தசைகளை மூளை கட்டிப்போடுகிறது. அந்தக் கட்டு அவிழ்வதற்குள் அறிவு விழித்துக்கொண்டால் இந்த நிலை. சில வினாடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ தானே விலகிவிடும், தீங்கற்றது. மல்லாந்து படுப்பவர்களுக்கும், உறக்கம் முறைதவறியவர்களுக்கும் கூடுதலாக வரும். தேர்வுக் காலத்தில் இது அதிகரித்தால், விடுதி அறையில் பேய் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட மாணவர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று பார்ப்பதே சரி.

அந்தக் கணக்கு நம் ஊரில் எப்போதும் உதைக்கிறது. 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரம் உறங்க வேண்டும் என்பது அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தின் 2016ஆம் ஆண்டுப் பரிந்துரை. ஆனால் பூப்பெய்தும் பருவத்தில் உடற்கடிகாரம் பின்னால் நகர்ந்து, தூக்கத்தை அறிவிக்கும் மெலடோனின் சுரப்பு இரண்டு மணி நேரம் வரை தாமதமாகிறது. கைப்பேசி வெளிச்சம் அதை மேலும் தள்ளிப்போடுகிறது. பத்து மணிக்குப் படு என்றால் அந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே தூக்கம் வருவதில்லை. பத்தரைக்குச் சாப்பாடு, தெருவில் பரோட்டாக் கல்லின் சத்தம் அடங்கவே பன்னிரண்டு என்று தூங்கா நகரம் தன் பெருமையைக் காப்பாற்றிக்கொண்டிருக்க, ஐந்தரை மணி டியூஷனுக்காக நாலரைக்கு எழுப்பப்படும் பிளஸ் டூ மாணவருக்குக் கிடைப்பது நாலரை மணி நேரம். விடியலில் எழுந்து படித்தால் மனதில் நிற்கும் என்ற அறிவுரை, எட்டு மணிக்கே விளக்கணைத்துப் படுத்த தலைமுறைக்குச் சரியாக இருந்திருக்கலாம். இன்று அது வெட்டி எடுப்பது இரவின் கடைசிப் பகுதியை. படித்ததை ஒழுங்குபடுத்தி நினைவில் வைப்பதில் பங்குள்ள கனவு உறக்கத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வரை தூங்கி ஈடுகட்டப் பார்த்தால், கடிகாரம் இன்னும் பின்னால் போய்த் திங்கட்கிழமை மேலும் மோசமாகும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று 2014ஆம் ஆண்டில் கேட்டுக்கொண்டது. கலிபோர்னியா மாநிலம் சட்டமே இயற்றி 2022ஆம் ஆண்டு முதல் பள்ளி நேரத்தைத் தள்ளிவைத்தது. தமிழ்நாட்டில் பள்ளி மணியைவிட டியூஷன் மணியும் வேன் மணியும்தான் சிக்கல். அவற்றை எந்தச் சட்டமும் தொடவில்லை, பெற்றோர் சேர்ந்து கேட்டால் டியூஷன் ஆசிரியர் மாற்றிக்கொள்ளக்கூடியவைதான் அவை.

எட்டு மணி நேரம் தூங்கியும் வகுப்பிலும் பேருந்திலும் சாப்பிடும்போதும் தூங்கி விழுகிற மாணவரும், விழுந்து விழுந்து சிரிக்கும்போது முழங்கால் மடிந்து உட்கார்ந்துவிடுகிற மாணவரும் சோம்பேறிகள் அல்லர். அது நார்கோலெப்சி என்ற மூளை நோயாக இருக்கலாம். விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு வேதிப்பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் அழிவதால் வருவது, பலருக்கும் பதின்ம வயதில் தொடங்குவது, திட்டும் தண்டனையுமாகப் பல ஆண்டுகள் கழிந்த பிறகே பெரும்பாலும் கண்டுபிடிக்கப்படுவது. அதேபோல் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குப் பிறகு முதன்முறையாகத் தொடங்கும் இரவுத் திகிலையும், வாரத்தில் பல இரவுகள் வரும் திகிலையும், காயம் ஏற்படுத்தும் திகிலையும், நாக்கைக் கடித்துக்கொள்வதோ உடல் விறைப்பதோ கூடவே வரும் திகிலையும் வளர்ந்தால் சரியாகிவிடும் என்ற கணக்கில் சேர்க்கக் கூடாது. இவற்றில் எது இருந்தாலும் நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, அவர் சொன்னால் ஓர் இரவு முழுவதும் மூளையலை, மூச்சு, இதயத் துடிப்பு, தசை அசைவு ஆகியவற்றைப் பதிவு செய்யும் உறக்கப் பரிசோதனையையும் செய்துகொள்ள வேண்டும்.